டார்ச் பிடிக்க ஒரு ஆள்

ஜூன் 6, செவ்வாய்

மச்சான்,

பதினேழு தடவை போன் செய்தாகிவிட்டது. நீ எடுக்கிற மாதிரித் தெரியவில்லை. சரி, நீ டிப்போ மாறிப் போனாலும் ஸ்பேர் பார்ட்ஸ் பெட்டி மாறவில்லையே! செவ்வாயும் வெள்ளியும் இங்கிருந்து உங்கள் டிப்போவுக்குப் போய்த் திரும்புகிற பெட்டியில், கதவு ரோலர்களுக்கு அடியில் இந்தக் கடிதத்தைச் செருகியிருக்கிறேன். அங்கே பெட்டியைப் பிரிக்கிறவன் நீதான் என்று வண்டி டிரைவர் சொல்லிவிட்டார். தப்பிக்க முடியாது.

பதினோரு வருஷம் ஒரே வேனில் உட்கார்ந்து ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் பழுது பார்த்தோம். நடுவில் உன் தங்கச்சியையும் எனக்குக் கட்டிக்கொடுத்தாய். இப்போது ஒரே ஒரு வரி சிவப்பு மைக்காக எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போவாயா?

நான் என்ன பொய்யா எழுதினேன்? மே 2, நான் டீம் லீடர் ஆன முதல் நாள். வங்கிக் கட்டடத்தில் இரண்டாம் லிஃப்ட் தளத்துக்கு இரண்டு விரல் கீழே நின்றது. திறந்து பார்த்தால் நீ இறுக்கின பிரேக் ஸ்பிரிங் ஒரு சுற்று தளர்வு. மெஷின் ரூமில் தொங்குகிற லாக் புத்தகத்தில் எழுதினேன். பழுது: ஸ்பிரிங் தளர்வு. காரணம்: மெக்கானிக்கின் கவனக்குறைவு. பழுதைச் சிவப்பு மையில்தான் எழுத வேண்டும், அது கம்பெனி விதி. அந்தக் கட்டட மேனேஜர் அதை எடுத்து, வாட்ச்மேன், துப்புரவு ஆட்கள் எல்லாருக்கும் நடுவில் உரக்கப் படித்தார் என்றால் அது என் தப்பா?

வீட்டு நிலவரம் இது: உன் தங்கச்சி என்னோடு பேசுகிறாள். ஆனால் ஒற்றை வார்த்தையில். "சாப்பாடு." "சாவி." "மழை." அவ்வளவுதான்.

டிப்போவில் அதைவிட மோசம். உனக்குப் பின்னால் இன்னொருவரும் போய்விட்டார். நேற்று மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார்: "மூணு மாசம் சோதனைன்னு சொல்லித்தான் உங்களுக்கு இந்தப் பதவி. ஜூலை முப்பத்தொண்ணு வரைக்கும் டைம். ஆஸ்பத்திரியோட ஆறு லிஃப்டையும் அதுக்குள்ள முடிச்சுக் கொடுக்கணும். நடுவுல இன்னும் ஒருத்தர் டிரான்ஸ்ஃபர் கேட்டாலும் பதவி உங்ககிட்ட இருக்காது."

ஆனால் கூடவே ஒரு நல்ல செய்தி. நாளையும் மறுநாளும் என்னை ஒரு பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். ஆட்களோடு பழகுவது எப்படி, அவர்கள் மனசைப் புரிந்துகொள்வது எப்படி என்று சொல்லிக் கொடுப்பார்களாம். இரண்டே நாளில்! போய் வந்து எழுதுகிறேன்.

மாப்பிள்ளை


ஜூன் 9, வெள்ளி

மாப்பிள்ளைக்கு,

ரோலர்கள் பன்னிரண்டும் வந்தன. கடிதமும் வந்தது.

போனை எடுக்காததற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை. போனில் நான் "வந்து" என்று ஆரம்பிப்பேன். நீங்கள் "அதானே!" என்று உள்ளே புகுந்து, நான் சொல்ல வந்ததை நீங்களே சொல்லி, அதற்குப் பதிலையும் நீங்களே சொல்லி முடித்துவிடுவீர்கள். பதினோரு வருஷத்தில் நான் ஒரு வாக்கியத்தை முழுதாக முடித்தது உங்கள் கல்யாணத்தன்று மேடையில்தான். அப்போது உங்கள் வாயில் இனிப்பு இருந்தது.

கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. ஆகவே எழுதுங்கள்.

பயிற்சியில் இரண்டு நாளும் யார் அதிகம் பேசினார்கள்? நடத்தினவரா, நீங்களா?

மச்சான்


ஜூன் 13, செவ்வாய்

மச்சான்,

நக்கலா? பேசு, பேசு. ஆனால் என்ன ஒரு பயிற்சி தெரியுமா! எனக்குத் தலைகால் புரியவில்லை. நடத்தின அம்மா ஒரு வார்த்தை சொன்னார், அப்படியே ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டது: "ஒருத்தர் கோபமா கத்தறாருன்னா, அது அவரோட குணம்னு முடிவு கட்டாதீங்க. அதுக்குக் கீழ வேற ஏதோ ஒண்ணு இருக்கும்." அட, இது நம்ம தொழிலே ஆச்சே! லிஃப்ட் சத்தம் போடுகிறது என்றால் சத்தத்தையா பழுது பார்ப்போம்?

வந்த மறுநாளே இறங்கிவிட்டேன். காலை எட்டு மணிக்கு டிப்போ வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும், கண்ணைப் பார்த்து, சிரித்த முகத்தோடு, "எப்படி இருக்கீங்க? மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். முதல் ஆள் பின்வாங்கிப் போய் வேனில் இடித்துக்கொண்டான். இரண்டாவது ஆள், "யாரு சார் செத்துட்டாங்க?" என்றான். மூன்றாவது ஆள் நேராக மேனேஜரிடம் போய், "எங்களையெல்லாம் வேலையை விட்டு அனுப்பப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தான்.

பரவாயில்லை, பழகிவிடும். நான் அதோடு விடவில்லை. பயிற்சியில் சொன்னதையும் நம் முறையையும் சேர்த்து ஒன்று செய்திருக்கிறேன், கேட்டால் ஆடிப்போவாய். டீமில் மிச்சமிருக்கிற ஏழு பேருக்கும் ஆளுக்கு ஒரு சர்வீஸ் கார்டு! லிஃப்டுக்குப் போடுகிற மாதிரியே. குறை என்ன, காரணம் என்ன, எத்தனை நாளுக்கு ஒருமுறை கவனிக்க வேண்டும், எல்லாம் கட்டம் போட்டு எழுதிவிட்டேன். இனி யாரையும் மறக்க வழியே இல்லை.

எப்படி?

மாப்பிள்ளை


ஜூன் 16, வெள்ளி

மாப்பிள்ளைக்கு,

அந்தக் கார்டுகளை உடனே வீட்டுக்கு எடுத்துப் போய் அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். சாவியைத் தங்கச்சியிடம் கொடுங்கள். வேறு எதுவும் செய்யாதீர்கள்.

மற்றதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் பூட்டுங்கள்.

மச்சான்


ஜூன் 20, செவ்வாய்

மச்சான்,

உன் கடிதம் வருவதற்கு ஒரு நாள் முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

சர்வீஸ் கார்டு என்றால் லாக் புத்தகத்தோடு மெஷின் ரூமில் தொங்க வேண்டும். பதினோரு வருஷக் கைப்பழக்கம். ஆஸ்பத்திரி மெஷின் ரூமில் ஆறு லிஃப்ட் கார்டுகளையும் மாட்டினபோது, கை தானாக அடுத்த ஏழையும் எடுத்து வரிசையாக மாட்டிவிட்டது. நான் கவனிக்கவே இல்லை, சத்தியமாக. மதியம் போய்ப் பார்க்கிறேன், ஏழு பேரும் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருக்கிறார்கள். ஆளாளுக்குத் தன் கார்டைப் படிக்கிறார்கள்.

கிரீஸை உனக்குத் தெரியும். எப்போதும் கையில் கிரீஸ் டப்பாவோடு திரிகிறவன், கதவு வேலையில் அவனை அடிக்க ஆள் இல்லை. அவன் கார்டில் நான் எழுதியிருந்தது இது:

குறை: சத்தம் அதிகம். கூப்பிட்டால் பதில் இல்லை.
காரணம்: திமிர் (?)
பராமரிப்பு: வாரம் ஒருமுறை பாராட்டு. தேவைப்பட்டால் இரண்டு.

கேள்விக்குறி போட்டேன் மச்சான், முடிவு கட்டவில்லை! போன மாதம் அவன் லிஃப்ட் கூரைமேல் நின்றிருந்தபோது நான் மூன்று தடவை "ரெடியா?" என்று கூப்பிட்டும் பதில் சொல்லவில்லை. பதில் வராமல் லிஃப்டை நகர்த்த முடியுமா? அன்றைக்கும் லாக் புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதினேன். அதுவும் அவன் மனதில் இருந்திருக்கிறது. கார்டைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "இந்த வாரப் பாராட்டு பாக்கி இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போனான். என்னை எப்போதும் அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

இன்று காலை அவன் டிரான்ஸ்ஃபர் கடிதம் என் மேஜையில். ஜூலை 4-க்குள் நான் மேனேஜருக்கு அனுப்பியாக வேண்டும். அனுப்பினால் என் கதை முடிந்தது. பதவி போனால் போகட்டும் என்று சொல்ல ஆசைதான், வாய் வரவில்லை. எனக்கு இந்தப் பதவி வேண்டும் மச்சான். ரொம்ப வேண்டும். ராத்திரி தூக்கத்தில் "ஆறு லிஃப்ட்" என்று உளறுகிறேனாம். உன் தங்கச்சி சொன்னாள். அதுவும் இரண்டே வார்த்தையில்தான் சொன்னாள்.

என்ன செய்யட்டும்?

மாப்பிள்ளை


ஜூன் 23, வெள்ளி

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. கிரீஸுக்காக இல்லை, எனக்காக. எனக்கும் ஒரு கார்டு போட்டிருந்தால் "காரணம்" என்ற கட்டத்தில் என்ன எழுதியிருப்பீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன்.

நானே சொல்லிவிடுகிறேன். டீம் லீடர் பதவிக்கு நானும் விண்ணப்பம் போட்டிருந்தேன். மே 2 காலை எட்டரைக்கு மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்களுக்கு இல்லை, உங்க மாப்பிள்ளைக்கு" என்றார். நேராக வங்கிக் கட்டடத்துக்குப் போய் அந்த ஸ்பிரிங்கை இறுக்கினேன். கை நடுங்கியது. ஒரு சுற்றுக் குறைந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை. பத்தரைக்கு நீங்கள் இனிப்புப் பெட்டியோடு வந்தீர்கள். "மச்சான், கேட்டியா!" என்று கட்டிப் பிடித்தீர்கள். நான் "வந்து" என்று ஆரம்பித்தேன். நீங்கள் "அதானே!" என்றீர்கள். மதியம் சிவப்பு மை.

சிவப்பு மை வலிக்கவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்காததுதான் வலித்தது. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

எழுதிவிட்டேன். இப்போது கிரீஸ் விஷயம்.

அவனிடம் எதுவும் கேட்காதீர்கள். சிரிக்காதீர்கள். மனசு எப்படி இருக்கிறது என்று தயவுசெய்து விசாரிக்காதீர்கள். ஒன்றே ஒன்று செய்யுங்கள். அவனுக்கு டார்ச் பிடியுங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாம் ஒன்றாக இருந்த பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட நீங்கள் எனக்கு டார்ச் பிடித்ததில்லை. ஸ்பானர் உங்கள் கையில், டார்ச் என் கையில். உங்களுக்குப் பிடித்துப் பிடித்துத்தான் உங்களைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும். கை வேகமாகப் போனால் வீட்டில் சண்டை. நட்டைத் துடைத்துத் துடைத்துப் போட்டால் பயம். வெளிச்சம் பிடிக்கிறவன் தன் இஷ்டத்துக்குப் பார்க்க முடியாது, அடுத்தவன் கை போகிற இடத்தைத்தான் பார்க்க வேண்டும். பேசவும் வேண்டியதில்லை.

ஒரு வாரம் பிடியுங்கள். அப்புறம் அவன் போவதாக இருந்தால் போகட்டும்.

மச்சான்


ஜூன் 27, செவ்வாய்

மச்சான்,

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு உன் தங்கச்சியிடம், "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியும்." "ஏன் சொல்லல?" என்றேன். அப்போதுதான் ஒன்றரை மாதத்துக்கப்புறம் ஒரு முழு வாக்கியம் வந்தது: "அன்னிக்கு சாயந்திரம் சொல்ல வந்தேன், நீங்க ஆறு லிஃப்டைப் பத்தி ஒன்பது மணி வரைக்கும் பேசிக்கிட்டிருந்தீங்க."

இனிப்பை உன் வாயில் நானே ஊட்டினேன் என்பது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருக்கிறது, மன்னித்துக்கொள்.

இன்று காலை கிரீஸின் டார்ச்சைக் கையில் எடுத்தேன். "என்ன சார் இது?" என்றான். "வெளிச்சம்" என்றேன். உன் தங்கச்சியிடம் கற்றுக்கொண்ட ஒற்றை வார்த்தைப் பேச்சு உதவுகிறது.

மாப்பிள்ளை


ஜூலை 4, செவ்வாய்

மச்சான்! மச்சான்! மச்சான்!

உட்கார்ந்துகொண்டு படி.

முதல் இரண்டு நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவன் ஒரு போல்ட்டைச் சுற்றி வளைத்துக் கழற்றுகிறான், எனக்குச் சுருக்கு வழி தெரியும், நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு டார்ச் பிடித்தேன். கடைசியில் பார்த்தால் அவன் வழிதான் சரி, பக்கத்து ஒயர் உரசாமல் வந்துவிட்டது. பதினோரு வருஷமாக நான் எத்தனை ஒயரை உரசியிருக்கிறேனோ!

மூன்றாம் நாள், அவனுக்கு இடது பக்கம் நின்று, "எட்டாம் நம்பர் ஸ்பானர் தரட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டேன். பதில் இல்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. திமிரைப் பார் என்று நினைத்துக்கொண்டே, வெளிச்சம் சரியாக விழவில்லை என்பதற்காக வலது பக்கம் மாறினேன். அங்கே நின்று அதே குரலில் கேட்டேன். "கொடுங்க" என்று கையை நீட்டினான்.

அப்போதுதான் உறைத்தது. கிரீஸுக்கு இடது காது கேட்கவில்லை. அதனால்தான் கத்திப் பேசுகிறான். லிஃப்ட் கூரைமேல் நின்றபோதும் நான் அவனுக்கு இடது பக்கத்திலிருந்துதான் கூப்பிட்டேன்.

பழைய நானாக இருந்தால் அந்த இடத்திலேயே, "காது கேக்கலையா உனக்கு?" என்று ஏழு பேருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டிருப்பேன். கேட்கவில்லை. பேசாமல் அன்று முழுக்க வலது பக்கமே நின்றேன். மறுநாளும் வலது பக்கம். மதியம் கதவு சேனலைத் துடைத்துக்கொண்டே அவனாகச் சொன்னான்.

"நேத்துலேர்ந்து இந்தப் பக்கமே நிக்கறீங்க."

"ஆமா."

"தெரிஞ்சுடுச்சா?"

"ம்."

துணியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான் மச்சான். ஏழு மாதமாக இப்படியாம். சொன்னால் லிஃப்ட் ஓடுகிற ஷாஃப்டுக்குள் இறங்க விடமாட்டார்கள், வேலை போய்விடும் என்று வீட்டில்கூடச் சொல்லவில்லையாம். கூப்பிட்டது கேட்காமல் எங்கே தன்னால் யாருக்காவது அடிபட்டுவிடுமோ என்று தினமும் பயந்துகொண்டே வந்திருக்கிறான். அதனால்தான் டிரான்ஸ்ஃபரில் போய் எங்காவது ஸ்டோர் ரூமில் ஒதுங்கிவிடலாம் என்று பார்த்திருக்கிறான். என் கார்டு ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

எனக்குள் பத்து யோசனை முட்டி மோதின. ஒன்றையும் வெளியே விடவில்லை. "நீ என்ன நினைக்கற?" என்றேன். துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். அப்புறம், "டாக்டர்கிட்ட போகணும் அண்ணே. தனியாப் போக தைரியம் இல்லை" என்றான்.

அண்ணே என்றான்! கவனித்தாயா?

நேற்று கூடவே போனேன். சின்ன மிஷின் ஒன்று வைத்தால் போதுமாம், கேட்கும் என்கிறார் டாக்டர். அதுவரைக்கும் ஷாஃப்ட் வேலை இல்லை, தளத்தில் நின்று கதவு வேலை மட்டும். அவன் சம்மதித்த பிறகு இரண்டு பேருமாக மேனேஜரிடம் போய்ச் சொன்னோம். அவர் ஒத்துக்கொண்டார். அப்புறம் கிரீஸே ஒரு யோசனை சொன்னான்: இனி யாராக இருந்தாலும் வாயால் கூப்பிட்டால் மட்டும் போதாது, டார்ச்சை இரண்டு தடவை அணைத்துப் போட்டுப் பதில் வாங்கின பிறகுதான் லிஃப்டை நகர்த்த வேண்டும். இன்றைக்கு ஏழு பேரும் ஆரம்பித்துவிட்டார்கள்.

டிரான்ஸ்ஃபர் கடிதத்தை இன்று காலை அவன் திரும்ப வாங்கிக்கொண்டான். கார்டை மட்டும் தரமாட்டானாம். "வாரம் ஒரு பாராட்டு, நீங்க எழுதிக் கொடுத்தது, விடமாட்டேன்" என்கிறான்.

மச்சான், எனக்குக் குதிக்க வேண்டும் போல இருக்கிறது!

மாப்பிள்ளை


ஜூலை 7, வெள்ளி

மாப்பிள்ளைக்கு,

பெட்டியைப் பிரித்ததும் மேலேயே கடிதம். ரோலருக்கு அடியில் ஒளித்து வைக்கக்கூடப் பொறுமை இல்லை போல. ஸ்டோர் ஆள் "மச்சான்! மச்சான்! மச்சான்!" என்று படித்துவிட்டு, என்னை இரண்டு நாளாக அப்படியேதான் கூப்பிடுகிறான்.

"திமிரைப் பார் என்று நினைத்துக்கொண்டே" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி எனக்குப் பிடித்தது. மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள்.

தங்கச்சி நேற்று பேசினாள். நீங்கள் அவளிடம் ஏதோ கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்தீர்களாம். "அவருக்கு உடம்பு சரியில்லையாண்ணா?" என்று பயந்து கேட்கிறாள்.

ஆறு லிஃப்டையும் முடியுங்கள். என் விஷயத்தைப் பிறகு பார்க்கலாம்.

மச்சான்


ஆகஸ்ட் 1, செவ்வாய்

மச்சான்,

முடிந்தது! ஆறும் ஓடுகின்றன! நேற்று மதியம் கடைசி லிஃப்டைச் சோதனை போட்டார்கள். தரையும் லிஃப்டும் ஒரே மட்டம், நடுவில் விரல் வைத்துப் பார்த்தேன். முதல் பயணத்தில் ஒரு நர்ஸ் சக்கரக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஏறினார், சக்கரம் துளிகூடத் தட்டவில்லை. கிரீஸின் கதவு சத்தமே இல்லாமல் மூடியது. மூடின கதவைப் பார்த்து ஏழு பேரும் நானும் கைதட்டினோம். நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை.

சாயந்திரம் மேனேஜர் ஏழு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "ஏழு பேரும் இருக்கோம்னுட்டாங்க. பதவி உங்களுக்குத்தான்" என்றார். அப்புறம் சிரித்தார். "ஒருத்தர் மட்டும் காலையில நீங்க மனசைப் பத்தி விசாரிக்கறதை நிறுத்தணும்னு எழுதித் தரச் சொல்றார்." எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அங்கிருந்து நேராக வங்கிக் கட்டடத்துக்குப் போனேன். மெஷின் ரூமில் மே 2 பக்கத்தைத் திருப்பினேன். எழுதினதை அடிக்கக் கூடாது என்பது விதி, அடிக்கவில்லை. அதற்குக் கீழே சிவப்பு மையில் எழுதினேன்: "மே 2 பதிவில் திருத்தம். காரணம்: என்ன என்று நான் விசாரிக்கவில்லை. தவறு செய்தவர்: டீம் லீடர்." கையெழுத்துப் போட்டேன். பிறகு கட்டட மேனேஜரைக் கூப்பிட்டு, "அன்னிக்குப் படிச்ச மாதிரி இதையும் சத்தமாப் படிங்க சார்" என்றேன். படித்தார். வாட்ச்மேன், துப்புரவு ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள், நானே கூப்பிட்டு வைத்திருந்தேன்.

திரும்பி வா மச்சான். உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது. வேனில் உன் சீட்டில் இன்னும் யாரையும் உட்கார விடவில்லை.

வியாழக்கிழமை சாயந்திரம் ஒரு போன் செய். ஒரே ஒரு போன்.

மாப்பிள்ளை


ஆகஸ்ட் 4, வெள்ளி

மாப்பிள்ளைக்கு,

நேற்று நாற்பது நிமிஷம் பேசினேன். நடுவில் மூன்று தடவை "லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்க வேண்டியிருந்தது. மூன்று தடவையும் "ம், சொல்லு" என்றீர்கள். அந்தப் பழைய கதையெல்லாம், பதவி கிடைக்காமல் பொறாமைப்பட்டது, தங்கச்சியிடம் உங்களைத் திட்டினது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். பேசி முடித்த பிறகு பார்த்தால், முக்கியமான விஷயத்தையே சொல்லவில்லை. குறுக்கே பேச ஆள் இல்லாவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை, என்ன செய்வது!

திரும்பி வரவில்லை. கோபம் இல்லை. இங்கே என்னை டீம் லீடர் ஆக்கியிருக்கிறார்கள். போன திங்கட்கிழமையிலிருந்து மூன்று மாதச் சோதனை. ஆறு பேர். எழுதும்போதே கை நடுங்குகிறது, நல்ல வேளை ஸ்பிரிங் எதுவும் பக்கத்தில் இல்லை. அந்த சீட்டில் கிரீஸை உட்கார வையுங்கள். வலது காது உங்கள் பக்கம் இருக்கிற மாதிரி.

ஒரு உதவி வேண்டும். பெரிய மார்க்கெட் கட்டடத்தில் ஒரு பழைய சரக்கு லிஃப்ட், நான்கு வாரமாக மக்கர் செய்கிறது. அதைப் பார்க்கிற மெக்கானிக் நல்ல வேலைக்காரர். ஆனால் என்னோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்கிறார். இந்தப் பதவிக்கு அவரும் விண்ணப்பம் போட்டிருந்தாராம். நேற்று முன்தினம் அவர் செய்த ஒரு தப்பைப் பார்த்தேன், லாக் புத்தகத்தைத் திறந்தேன், சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தேன்.

மூடி வைத்துவிட்டேன்.

அவருக்கு நான் டார்ச் பிடிக்கப் போகிறேன். ஆனால் அந்த ஷாஃப்ட் ரொம்ப இருட்டு, இரண்டு டார்ச் தேவைப்படும். அடுத்த வாரம் சனிக்கிழமை வர முடியுமா?

மச்சான்


ஆகஸ்ட் 8, செவ்வாய்

மச்சான்,

வருகிறேன். உன் தங்கச்சியும் வருகிறாள், வழி முழுக்கப் பேசிக்கொண்டே வரப் போவதாக இப்போதே சொல்லிவிட்டாள். டார்ச்சும் புது பேட்டரியும் நான் எடுத்து வருகிறேன்.

சரக்கு லிஃப்டா? நான்கு வாரமாகவா? எனக்கு என்ன தோன்றுகிறது என்றால்

இல்லை, வேண்டாம். நேரில் அவர் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை